நேராக்கிய பெட்டி

அந்தப் பெட்டிக்கு நான் சொன்ன விலை பதினைந்து ஜைர் பணம், மேற்கொண்டு ஒரு மூட்டை உப்பு. பெலெங்கின் பெண்டாட்டி மிங்கா அதற்குச் சொன்ன விலை, பெலெங்.

"இதை வித்தேன்னா உன்னையும் சேத்து வித்ததாத்தான் கணக்கு. அப்புறம் எனக்குப் புருசன் கிடையாது" என்றாள்.

நான் வழக்கம்போல மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். பதினைந்து ஜைருக்கு அப்போது ம்வேக்கா சந்தையில் கொழுத்த ஆடாக நாலைந்து வாங்கலாம். பெலெங்கை எந்தச் சந்தையில் நிறுத்தினாலும் ரெண்டு ஆட்டுக்கு மேல் போகமாட்டான். கால் கொஞ்சம் வளைவு, குறட்டை வேறு. ஆனால் அவன் கையை மட்டும் தனியாக விற்க முடியுமென்றால் விலை சொல்ல எனக்குத் தைரியம் வராது. எங்கள் குபா தேசத்தில் மரம் செதுக்குகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. மரம் தானாகவே அப்படி முளைத்ததோ என்று நினைக்கவைக்கிறவன் அவன் ஒருத்தன்தான்.

நான் உப்பு வியாபாரி. என் அம்மா ம்வேக்கா ரயில் நிலையத்துக்கு வெளியே உப்பும் கருவாடும் விற்றவள். "விலையைக் கேட்டதும் முதல்ல சிரி. சிரிச்சா பாதி குறையும்" என்று சொல்லிக்கொடுத்துத்தான் எனக்குக் களி கிண்டிப்போட்டாள். சைக்கிளில் உப்பைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். திரும்பும்போது பனைநார்த் துணி, கிண்ணம், பெட்டி என்று கிடைத்ததை ஏற்றிவருவேன். ம்வேக்காவில் தங்கியிருந்த கண்ணாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவர் இதையெல்லாம் வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது.

அன்றைக்கு இயேங்கா ஊரில் பெலெங் வீட்டு முற்றத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குச் சிரிக்க மறந்துவிட்டது. அங்கேயே நான் பேரத்தில் தோற்றேன்.

பிறை வடிவப் பெட்டி. உடம்பில் பூசுகிற செம்மரப் பொடியும் சவரக்கத்தியும் வைத்துக்கொள்கிற பெட்டிதான், வீட்டுக்கு வீடு இருப்பதுதான். மூடி உட்கார்ந்தால் இடுக்கில் எறும்பு நுழையாது. சுற்றுச்சுவர் முழுக்க ஒரு பின்னல். ரெண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி, பிறையின் முனையில்கூட அறுந்துபோகாமல் வளைந்து, பின்பக்கம் ஓடி, கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தன. மற்ற ஆட்கள் முனையில் ஒரு கட்டம் போட்டு மறைத்துவிடுவார்கள். அங்கேதான் கோடு சேராது. பெலெங் எதையும் மறைக்கவில்லை. எங்கே தொடங்கினான் என்று நான் விரலால் தேடினேன், அகப்படவில்லை.

"எங்க ஆரம்பிச்ச?" என்று கேட்டேன்.

"கண்டுபிடி. கண்டுபிடிச்சா சும்மா தாரேன்" என்று பெலெங் வாயெல்லாம் பல்லாக நின்றான்.

அந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் செதுக்கினது அது. மிங்காவுக்குக் காட்டவேயில்லை. அவளுக்காகத்தான் செதுக்கினான். பின்னல் அவளுடையது. அவள் துணியில் தைத்ததைப் பார்த்து மரத்தில் இறக்கியிருந்தான். நான் வந்து நின்று விலை சொல்லவும், சொன்ன விலை ஊரில் யாரும் கேள்விப்படாததாக இருக்கவும், தன் பெண்டாட்டி காதில் அது விழட்டும் என்று கூப்பிட்டான்.

"ஏ மிங்கா, இங்க வா. உப்புக்காரன் என்ன விலை கேக்கான்னு பாரு."

மிங்கா மரவள்ளிக் கீரையை உரலில் இடித்துக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெட்டியை வாங்கினாள். முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், நிஜமாகவே மலர்ந்தது. ஆட்காட்டி விரலைப் பட்டைமேல் வைத்து ஓட்டிக்கொண்டே போனாள். ஒரு முடிச்சு, ரெண்டு முடிச்சு. மூன்றாவதில் விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து ஓட்டினாள். திரும்ப அதே இடத்தில் நின்றது.

"இங்க என் திருப்பம் எங்க?"

"எது?"

"மூணாவது முடிச்சில பட்டை அகண்டு, ஒதுங்கி, தனியா ஒரு சுத்துச் சுத்திட்டு வந்து சேருமே. அது எங்க?"

"அதுவா" என்றான் பெலெங். அவன் அத்தோடு வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "அது கோணலா இருந்துச்சு. அதை வச்சா பின்பக்கம் வந்து சேரல. நேராக்கிட்டேன்."

மிங்கா பட்டையிலிருந்து விரலை எடுத்தாள்.

வெளியூர்க்காரருக்கு இதில் என்ன குற்றம் என்று தோன்றலாம். எங்கள் பக்கம் துணியில் கோடு போட்டுக்கொண்டு யாரும் தைப்பதில்லை. தலையில் இருப்பது விரலில் இறங்கும். வழியில் தோன்றுகிறபடி பின்னல் திரும்பும். அந்தத் திருப்பத்தில்தான் தைத்தவள் இருக்கிறாள். மற்றதெல்லாம் எவள் வேண்டுமானாலும் தைக்கலாம். புதுப் பின்னல் ஒன்றைக் கண்டெடுத்தவள் பேர்தான் அந்தப் பின்னலுக்குப் பேர். இது 'மிங்கா'. இந்தப் பின்னல் போட்ட துணியைச் சுற்றித்தான் அவள் அம்மாவைப் புதைத்திருந்தார்கள். செத்தவர்கள் போகிற இடத்தில், முன்னே போன சொந்தக்காரர்கள் துணியைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டு உள்ளே விடுவார்கள்.

"எங்கம்மா கோணலாத்தான் போயிருக்காளா?" என்றாள் மிங்கா.

"அடி, நான் அப்பிடியா சொன்னேன்?"

"நாளைக்கு இந்தப் பெட்டி ஊர் ஊராப் போகும். பாக்கறவன் எல்லாம் இதான் மிங்காம்பான். எம்மவ, எம் பேத்தி இதைப் பாத்து நேராத் தைப்பாளுக. அப்ப எங்கம்மா உடுத்திட்டுப் போனது யாருது? சொல்லு மனுசா, யாருது?"

பெலெங் என்னைப் பார்த்தான். நான் உப்பு மூட்டையைப் பார்த்தேன். அப்போதுதான் அவள் அந்த விலையைச் சொன்னாள். சொல்லிவிட்டு ஊசிகளை ஓலைக்கூட்டில் செருகி, செம்மரப் பொடியை இலையில் மடித்து, இடித்த கீரையை உரலோடு அப்படியே விட்டுவிட்டு, ஆற்றுக்கு அந்தப்பக்கம் தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

"ரெண்டு நாள்ல வந்துருவா" என்றான் பெலெங்.

அடுத்த தடவை நான் உப்போடு வந்தபோது பாதி இடித்த கீரை உரலில் கறுத்துக் கிடந்தது. மழை இறங்கி அதில் நீர் தேங்கியிருந்தது. பெலெங் தானே கிண்டிய களியில் எனக்கு ஒரு உருண்டை கொடுத்தான். வாயில் போட்டதும், மரம் வெட்டும் வாய்ச்சியால் செதுக்கித்தான் இதை எடுத்தானா என்று கேட்க நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். களியையும் கேள்வியையும்.

தறியில் துணி ஏறியிருந்தது. எங்களில் நெய்வது ஆண் வேலை, தைப்பது பெண் வேலை. அவன் நெய்து நெய்து மடித்து அடுக்கியிருந்தான். எல்லாம் வெறும் துணி. ஊசி படாத பனைநார்த் துணி சீவாத தலை மாதிரி இருக்கும்.

"கண்ணாடிக்காரரு பெட்டிக்குப் பதினெட்டு தாராராம்" என்றேன். எதற்கும் சொல்லிவைப்போம் என்றுதான்.

"உனக்கு வேற பேச்சே வராதா?"

"எங்கம்மா வேற கத்துக்குடுக்கலையே."

அவன் சிரிக்கவில்லை. "அவ தம்பிக்கு ஒரு ஆடு அனுப்பியிருக்கேன். அபராதம்னு கேட்டான். அந்தப்பக்கம் போற இல்ல, என்ன சொல்றாள்னு பாத்துட்டு வா."

நான் ஆற்றைத் தாண்டிப் போனேன். மழையில் தண்ணீர் காவி நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. தோணிக்காரன் உப்புக்கும் சேர்த்துக் கூலி கேட்டான், சிரித்துப் பாதியாக்கினேன். மிங்காவின் தம்பி மிக்வெப் வாசலில் மண்சட்டியில் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். மச்சான் அனுப்பின ஆடு எங்கே போனதென்று நான் கேட்கவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

"வழக்கு முடியறதுக்கு முன்னாடியே அபராதத்தைத் தின்னுட்டியா?" என்றேன்.

"மழையில நனைஞ்சு அது இருமிக்கிட்டு இருந்துச்சுய்யா. சாகவா விடச் சொல்ற?"

உள்ளே இருந்து மிங்கா குரல் வந்தது. "இருமல் ஆட்டுக்கு இல்ல, அவனுக்கு. மூணு நாளா கொழுப்புத் தின்னு தொண்டை கட்டிக்கிடக்கு. வழக்கு என்னுது, ஆடு அவன் வயித்துல."

அவள் கூரைச் சரிவுக்குக் கீழே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். நாரை ஊசியில் கோத்து, இழைக்கு அடியில் செருகி, மேலே இழுத்து, குட்டிக் கத்தியால் நுனியைச் சீவிவிடுவாள். நாருக்கு முடிச்சுப் போடுவது கிடையாது. சீவச் சீவ அந்த இடம் பூனை முதுகு மாதிரி மெத்தென்று எழும்பும். ஆனால் ரெண்டு தையலுக்கு ஒரு தடவை உதட்டைச் சுழித்தாள்.

"என்னக்கா, நார் சரியில்லையா?"

"நாருக்கு என்ன? துணியைப் பாரு." தூக்கிக் காட்டினாள். அதன் வழியே அவள் மூக்கு தெரிந்தது. "எந் தம்பி நெய்ஞ்சது. இதுல மீன் பிடிக்கலாம், தைக்க முடியாது."

"பெரிய மீனா இருந்தா நிக்கும்" என்றான் மிக்வெப், வெட்கமே இல்லாமல். அக்கா தைத்த ரெண்டு துணி ஏற்கெனவே அவன் வீட்டுப் பரணில் ஏறியிருந்தது. இன்னும் ரெண்டு ஏறும்வரை இந்த வழக்கு முடியக்கூடாது என்பது அவன் ஆசை. வியாபாரி வீட்டில் பிறக்காமலே வியாபாரம் தெரிந்தவன்.

"என்ன குடுத்தாப் போவ, அக்கா?" என்று நேரடியாகக் கேட்டேன். "ஆடா, துணியா, காசா?"

"உங்கம்மா உப்புக்காரியா இல்லையா?"

"உப்புக்காரிதான்."

"அவ உப்புல யாராவது மண்ணைக் கலந்து அவ பேரைச் சொல்லி வித்தா, எத்தனை ஆடு வாங்கிட்டுச் சும்மா இருப்பா?"

என் அம்மா அப்படிச் செய்தவன் காதைக் கடித்திருக்கிறாள்.

"அவனுக்குக் கை இருக்கு" என்றாள் மிங்கா, ஊசியைப் பார்த்துக்கொண்டே. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அந்தப் பெட்டியில பட்டை முனையைச் சுத்தி வளையுதே, அதை நான் துணியில நினைச்சுக்கூடப் பாத்ததில்ல. அதான் எரியுது. கையாலாகாதவன் செஞ்சிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். என் திருப்பத்தோட சேத்துச் செதுக்கட்டும், நானா வாரேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லட்டும். நேராக்கினேன்னு சொல்லக்கூடாது."

இதை அப்படியே கொண்டுபோய்ப் பெலெங்கிடம் இறக்கினேன். கூலி கேட்கவில்லை. களி மறுபடி கொடுப்பானோ என்று பயம்.

"சேராதுய்யா" என்றான். "அவளுக்குத் துணி. துணிக்கு ஓரம் உண்டு. ஓரம் வந்தா பின்னல் நின்னுடலாம், யாரும் கேக்கமாட்டான். பெட்டிக்கு ஓரம் எங்க? சுத்தி வந்து சேந்தாகணும். அவ திருப்பம் ஒரு பட்டையைத் தின்னுடுது. பின்பக்கம் ஒண்ணு அநாதையா நிக்கும்."

"முனையில கட்டம் போட்டு மறைச்சிடேன். எல்லாரும் செய்யறதுதானே."

என்னை அவன் பார்த்த பார்வைக்கு, கொண்டுவந்த உப்பெல்லாம் கரைந்திருக்க வேண்டும்.

மறுநாளே புது மரம் வெட்டினான். பச்சை மரம்தான் வாய்ச்சிக்கு வளையும். ஆனால் மழைக்காலத்துப் பச்சை மரம் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி, எந்த நேரம் என்ன செய்யும் என்று சொல்லமுடியாது. நான் அந்த ஊரிலேயே தங்கிவிட்டேன். பாதை சேறு, சைக்கிள் உருளாது என்று சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் அவன் வேலை செய்வதைப் பார்க்க எனக்கு ஆசை.

வாய்ச்சியால் உருவை எடுப்பான். உட்குழியைக் குடைவான். சின்னக் கத்தியைப் பெருவிரலால் தள்ளிப் பட்டைகளைக் கீறுவான். கீறுமுன் நாரைப் பெட்டியைச் சுற்றிக் கட்டி, விரலால் நகர்த்தி நகர்த்தி வழி பார்ப்பான். ஒரு தடவைகூட கரியால் கோடு போட்டதில்லை. மூன்றாவது முடிச்சில் மிங்காவின் திருப்பத்தை இறக்கினான். துணியில் எப்படி இருந்ததோ அப்படியே, கொஞ்சம் சோம்பல் முறித்துக்கொண்டு ஒதுங்கிப் போகிற மாதிரி. அழகு. பின்பக்கம் வந்ததும் ஒரு பட்டை தனியாக நின்றது.

அந்தப் பெட்டியை விறகாக அடுப்பில் வைத்தான். அதன்மேலே களி கிண்டினான். நான் முதலிலேயே தடுத்துப் பார்த்தேன். "தனியா நிக்கறது யாருக்குத் தெரியும், பின்பக்கந்தானே? நான் பத்து ஜைர் தாரேன்" என்றேன்.

"அவளுக்குத் தெரியும்."

ரெண்டாவது மரமும் அப்படியே நின்றது. பட்டையைக் குறுக்கிப் பார்த்தான், திருப்பம் மூச்சு முட்டின மாதிரி ஆயிற்று. அகட்டிப் பார்த்தான், ஒழுங்குகெட்டு ஓடிற்று. அன்று சாயங்காலம் வரை வெயில் எட்டிப்பார்க்கவில்லை. பச்சை மரம் காய்கையில் மூடி முறுக்கிக்கொள்ளாமலிருக்க, மூடியை வைத்து நாரால் இறுக்கிக் கட்டிப்போடுவது வழக்கம். பிறையின் ஒரு முனையிலிருந்து நாரை மூடிமேல் ஏற்றி, மறு முனையில் இறக்கி முடிச்சுப் போட்டான். போட்டவன் கையை எடுக்கவில்லை.

"உப்புக்காரா."

"ம்."

"இந்த நார் எங்க போகுது?"

"மூடிமேல போகுது."

"அநாதையா நிக்கிற பட்டையும் அப்பிடிப் போகலாமில்ல?"

எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சுவரில் சேர இடமில்லாத பட்டை, ஒரு முனையில் மேலேறி, மூடிமேல் நடந்து, அடுத்த முனையில் இறங்கித் தன் ஜோடியோடு சேர்ந்துகொள்ளும். மூடியைத் திறந்தால் அறுந்து நிற்கும். மூடினால் முழுசாகும்.

"இப்பிடி யாராவது செதுக்கியிருக்காங்களா?"

"யாருக்குத் தெரியும்? நான் பாத்ததில்ல." எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

மூன்றாவது மரத்தில் அதைச் செய்தான். சுவரும் மூடியும் சந்திக்கிற இடத்தில் பட்டை மயிரிழை விலகினாலும் கெட்டது. மூடியை ஒரு நாளைக்கு நூறு தடவை வைத்தெடுத்தான் என்றால் மிகையில்லை. சொரசொரப்பான இலையால் தேய்த்தான். பாமாயிலில் செம்மரப் பொடியைக் குழைத்து, உள்ளங்கையால் சூடேறத் தேய்த்தான். பெட்டி, ஈரம் காயாத செங்கல் நிறத்துக்கு வந்தது. நான் விலை சொல்லவில்லை. வாயில் வரவில்லை.

முதல் பெட்டியையும் புதுப் பெட்டியையும் துணியில் சுற்றி என் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். தூறல். பெலெங் வழிநெடுக ஒரே கேள்விதான். "ஈரத்துல மூடி ஊறியிருக்குமோ?"

மிக்வெப் எங்களைக் கண்டதும் கணக்கு எண்ணப் பனங்கொட்டைகளை முன்னால் குவித்துக்கொண்டு நடுவர் மாதிரி உட்கார்ந்தான். மிங்கா தையலை விட்டு எழவில்லை. பெலெங் புதுப் பெட்டியை அவள் முன்னால் வைத்துவிட்டு ரெண்டு அடி பின்வாங்கி நின்றான்.

அவள் விரலை வைத்தாள். ஒரு முடிச்சு, ரெண்டு முடிச்சு. மூன்றாவதில் விரல் அகன்று ஒதுங்கித் தனியாக ஒரு சுற்றுச் சுற்றிவந்து சேர்ந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முனையைத் தாண்டிப் பின்பக்கம் போனாள். அநாதைப் பட்டை வந்தது. அவள் விரல் அதோடு மேலேறியது. மூடிமேல் நடந்தது. இறங்கியது. சேர்ந்தது.

மூடியைத் திறக்கப் பார்த்தாள். வரவில்லை. ஊறியிருந்தது.

பெலெங் கண்ணை மூடிக்கொண்டான்.

"பிடி" என்றாள் அவனிடம். அவன் அடியைப் பிடிக்க, அவள் மூடியை ஆட்டி ஆட்டி இழுத்தாள். 'ப்ளக்' என்று வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். திரும்ப மூடினாள். பட்டை முழுசாகிற இடத்தைக் கட்டை விரலால் தடவினாள். இன்னொரு தடவை திறந்து மூடினாள்.

"இந்த ஏத்தம் என்னுது இல்ல" என்றாள்.

"இல்ல" என்றான் பெலெங். "உன் திருப்பத்துக்கு வேற வழி இல்ல. அதான்."

"நான் துணியில இதைத் தைச்சா உன் பேரைத்தான் சொல்லணும்."

"சொல்லேன். உன் வாயில எம் பேரு நல்லபடியா வந்து ரொம்ப நாளாச்சு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள், முடியவில்லை. இலையில் மடித்துவைத்திருந்த செம்மரப் பொடியை எடுத்து அந்தப் பெட்டியில் கொட்டினாள். வழக்கு அங்கேயே முடிந்தது. ஆனால் மிக்வெப் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா விடுவானா?

"கணக்குப் பாக்காம யாரும் எந்திரிக்கக்கூடாது. மச்சான் அனுப்பின ஆடு ஒண்ணு." ஒரு கொட்டையை வைத்தான்.

"தின்னவன் நீ" என்றாள் மிங்கா. கொட்டையை அவன் பக்கம் தள்ளினாள்.

"அக்கா இங்க தின்ன சாப்பாடு." கொட்டையைத் திரும்ப இந்தப்பக்கம் தள்ளினான். ஆடும் சாப்பாடும் அடிபட்டது.

"தைச்சுக் குடுத்த துணி ரெண்டு" என்றாள்.

"மழையில ஒழுகாத கூரை" என்றான். அதுவும் அடிபட்டது. கூரை ஒரு மூலையில் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது, நான் சொல்லவில்லை.

"முதல் பெட்டி?" என்று நான் மெல்லக் கேட்டேன். கேட்காமல் இருக்கமுடியுமா?

மிங்கா அதைத் துணியிலிருந்து எடுத்துத் தம்பி பெண்டாட்டி கையில் கொடுத்தாள். "மிளகாய் போட்டுவை. ஊரைத் தாண்டி எங்கயும் போகக்கூடாது. பேரு கேட்டா, மிளகாய்ப் பெட்டின்னு சொல்லு." பதினெட்டு ஜைர் என் கண்முன்னால் அடுப்படிக்குப் போயிற்று.

கடைசியில் மிங்கா தரையில் ரெண்டு கொட்டையைத் தனியாக வைத்தாள். "இது என்ன?" என்றான் மிக்வெப்.

"ஒண்ணு நான் இவனுக்குத் தரவேண்டியது. இந்த ஏத்தத்தைத் துணியில தைச்சுத் தரணும். இன்னொண்ணு இவன் எனக்குத் தரவேண்டியது. அதுக்குத் துணி நெய்யணும்."

"எது முதல்ல?"

"துணி இல்லாம எதுல தைப்பேன்?" என்றாள் மிங்கா.

"நீ எப்பிடி ஏத்தப்போறேன்னு தெரியாம எத்தனை நீளம் நான் நெய்ய?" என்றான் பெலெங்.

தோணியில் ஏறும்வரை இதே பேச்சு. அக்கரையில் இறங்கியும் இதே பேச்சு. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். ஆடும் சாப்பாடும் நேர். துணியும் கூரையும் நேர். பெலெங் பாக்கி, துணி ஒன்று. மிங்கா பாக்கி, ஏற்றம் ஒன்று. எது முதலில் என்பது மட்டும் தீரவில்லை.